பூட்டிய பாட்டும் பூட்டாத பாட்டும்: ஒரு லைப்ரரியை இடம் மாற்றிய பதிவு

கையில் இருந்தவை இவை: பழைய ஐபாட் ஒன்று, ஐடியூன்ஸ் லைப்ரரி உள்ள பழைய கணினி ஒன்று, அதே கணினியில் இன்னொரு ஃபோல்டர் நிறைய டபிள்யூஎம்ஏ (மைக்ரோசாஃப்டின் ஒலி வடிவம்) ஃபைல்கள். அந்த டபிள்யூஎம்ஏ பாட்டுகள் விண்டோஸ் மீடியா பிளேயர் கோலோச்சிய காலத்தில் வேறொரு கடையில் வாங்கியவை. அந்தக் கடை இன்று இல்லை. பாட்டுகள் போய்ச் சேர வேண்டிய இடம் இரண்டு. ஒன்று மெமரி கார்டு போட்டுக் கேட்கும் சின்ன பிளேயர், மற்றது யுஎஸ்பி டிரைவ் செருகினால் பாடும் கார் ஸ்டீரியோ. எல்லாமே காசு கொடுத்து வாங்கிய பாட்டுதான். ஆனாலும் ஒன்றில் பாடுவது இன்னொன்றில் பாடாது.

இப்படி ஒரு வேலை வந்தால் பலரும் முதலில் தேடுவது கன்வர்ட்டர். மொத்த ஃபோல்டரையும் அதில் இழுத்துப் போட்டு எம்பி3 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எம்பி3, ஐடியூன்ஸ் பாட்டுகளின் வடிவமான ஏஏசி, டபிள்யூஎம்ஏ மூன்றுமே காதுக்கு எட்டாது என்று கணித்த ஒலியைக் கழித்துவிட்டுச் சுருக்கும் முறைகள். ஒவ்வொன்றும் கழிக்கிற விதம் வேறு. ஏஏசியை எம்பி3 ஆக்கினால், ஏற்கெனவே கழித்ததன் மேல் இன்னொரு முறை கழிக்கிறோம். ஒரு தடவைக்குப் பெரிதாகத் தெரியாது. நாளைக்கு இன்னொரு பிளேயர் வரும், அதற்கு இன்னொரு மாற்றம் நடக்கும், அப்போது டிரம்ஸின் சிம்பல் ஓசையிலும் கைதட்டலிலும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போன்ற ஒரு சலசலப்பு வந்துவிடும். அதனால் நான் வைத்துக்கொண்ட முறை, தொடாமல் விட முடிந்ததை எல்லாம் தொடாமல் விடுவது. புதிய பிளேயர் படிக்கவே மாட்டேன் என்று அடம் பிடிப்பதை மட்டும் மாற்றுவது.

முதல் வேலையாக, இருந்ததை இருந்தபடியே வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, அந்த ஃபோல்டரை எழுத முடியாதபடி ரீட்-ஒன்லி ஆக்கினேன். டேக் (ஃபைலுக்குள் இருக்கும் பாட்டின் பெயர், பாடியவர் போன்ற குறிப்புகள்) திருத்துவது, பெயர் மாற்றுவது எல்லாம் இன்னொரு காப்பியில்தான்.

எது பூட்டு, எது வெறும் வடிவம்

ஒரு பாட்டு பாடாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அந்த வடிவத்தைப் பிளேயருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், அல்லது வாங்கியவரின் அனுமதி பெற்ற கருவியில் மட்டும் பாடும்படி ஃபைலே பூட்டப்பட்டிருக்கலாம். முதலாவதற்கு மென்பொருள் போதும். இரண்டாவதற்குக் கடையின் தயவு வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாள் முழுக்கக் கன்வர்ட்டரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஐடியூன்ஸ் பக்கம் பிரிப்பது சுலபம். 2003-இல் கடை திறந்ததிலிருந்து 2009 வரை விற்ற பாட்டுகளில் பெரும்பாலானவை ஃபேர்பிளே என்ற பூட்டோடு, 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு) ஏஏசியாக, ஃபைல் பெயரின் கடைசியில் எம்4பி என்ற நீட்சியோடு வந்தவை. 2007 மே மாதத்தில் இஎம்ஐ நிறுவனத்தின் பாட்டுகள் பூட்டில்லாமல் 256 கேபிபிஎஸ் தரத்தில் வர ஆரம்பித்தன. 2009 ஜனவரியில் மற்ற பெரிய நிறுவனங்களும் சம்மதித்துவிட்டதாக ஆப்பிள் அறிவித்தது. அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய பாட்டுகள் எல்லாம் எம்4ஏ, பூட்டு கிடையாது. லைப்ரரிப் பட்டியலில் 'கைண்ட்' என்ற பத்தியை வரவழைத்து அதன்படி அடுக்கினால், பூட்டியவை 'புரொடெக்டட்' என்றும், பூட்டில்லாதவை 'பர்ச்சேஸ்டு' என்றும் தனித்தனியாகத் திரண்டு நிற்கும். சந்தா கட்டி இறக்கிய ஆப்பிள் மியூசிக் பாட்டுகளும் அங்கே தெரியும். அவை வாங்கியவை அல்ல, வாடகைக்கு எடுத்தவை. அவற்றை இந்த வேலையில் சேர்க்கவே இல்லை.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. ஐடியூன்ஸ் எம்4ஏ என்றாலே ஆப்பிள் கருவிக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏஏசி ஆப்பிளுக்குச் சொந்தமானது அல்ல, பொதுத் தரம். நான் வாங்கிய சின்ன பிளேயரின் விவரக் குறிப்பிலேயே ஏஏசி, எம்4ஏ இரண்டும் இருந்தன. சில ஃபைல்களைப் போட்டுப் பார்த்தேன், அட்டைப் படத்தோடு பாடியது. லைப்ரரியில் பெரும் பகுதி அப்படியே ஒரு பைட்டும் மாறாமல் கார்டுக்குப் போய்விட்டது.

டபிள்யூஎம்ஏ பக்கம் கொஞ்சம் சிக்கல். அங்கே வெளுத்ததெல்லாம் பால் இல்லை. பூட்டியதற்கும் பூட்டாததற்கும் ஒரே நீட்சிதான். சிடியிலிருந்து நானே எடுத்தவையும் கடையில் வாங்கியவையும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தன. எஃப்எஃப்புரோப் என்ற சின்னக் கருவியை எல்லா ஃபைல்களின் மேலும் ஓட்டிப் பார்ப்பது ஒரு வழி. விண்டோஸிலேயே ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் 'புரொடெக்டட்' என்ற வரியைப் பார்ப்பது இன்னொரு வழி. ஃபோல்டர் காட்சியில் அதையே ஒரு பத்தியாகச் சேர்த்தால் ஒரே பார்வையில் பிரித்துவிடலாம்.

பூட்டைத் திறப்பது

பூட்டை உடைக்கிற மென்பொருள்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பல நாடுகளில் வாங்கியவரே உடைத்தாலும் சட்டப்படி குற்றம். அதைவிட, கடைக்காரர்களே விட்டு வைத்திருக்கிற வழிகள் போதுமானவையாக இருந்தன.

எம்4பி பாட்டுகளுக்கு முதல் வழி, வாங்கிய அதே கணக்கில் மறுபடி இறக்கிப் பார்ப்பது. காப்பி பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு லைப்ரரியிலிருந்து பூட்டிய ஃபைலை நீக்கினால், பாட்டின் பக்கத்தில் மேகக் குறி வரும். அதைச் சொடுக்கினால், கடையில் பூட்டில்லாத பதிப்பு இருக்கிற பாட்டுகள் எம்4ஏவாக இறங்கும். எனக்குப் பலவும் அப்படி வந்தன. கடையை விட்டே தூக்கிவிட்ட ஆல்பங்கள் வரவில்லை. இரண்டாவது வழி, ஐடியூன்ஸ் மேட்ச் என்ற ஆண்டுக் கட்டணச் சேவை. நம் லைப்ரரியில் இருப்பதைக் கடையின் இருப்போடு ஒப்பிட்டு, பொருந்துகிற பாட்டுகளை 256 கேபிபிஎஸ் ஏஏசியாக, பூட்டில்லாமல் இறக்கித் தரும். இதையும் ஆப்பிள் மியூசிக் சந்தாவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மியூசிக் சந்தாவில் இறங்குவதற்குப் பூட்டு உண்டு, மேட்ச்சில் இறங்குவதற்கு இல்லை. எம்4பி நிறைய வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வருடம் கட்டணம் கட்டுவது லாபம் என்பது என் கணக்கு.

மிச்சம் இருப்பவற்றுக்கும், கடை மூடிப் போன டபிள்யூஎம்ஏ பாட்டுகளுக்கும் இருப்பது பழைய வழி: ஆடியோ சிடியாக எழுதி, அதிலிருந்து திரும்ப எடுப்பது. இது குறுக்கு வழி இல்லை. கடைகளே அனுமதித்தது. ஐடியூன்ஸ் கூட, பூட்டிய பாட்டு இருக்கும் ஒரே பிளேலிஸ்ட்டை 7 தடவை சிடியில் எழுதலாம் என்று விதி வைத்திருந்தது. 2008-இல் யாஹூ தன் பாட்டுக் கடையை மூடியபோது, வாங்கியவற்றை ஆடியோ சிடியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் தன் பழைய எம்எஸ்என் மியூசிக் கடையின் உரிமச் சர்வர்களை ஆகஸ்டு இறுதியோடு நிறுத்தப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2011 வரை நீட்டித்தது. சர்வர் நின்றால் என்ன ஆகும்? ஏற்கெனவே உரிமம் இருக்கிற கணினியில் பாட்டு பாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் விண்டோஸை மறுபடி நிறுவினாலோ கணினியை மாற்றினாலோ புதிய உரிமம் கொடுக்க ஆள் இருக்காது. நான் வாங்கிய கடையின் கதையும் இதே ரகம்தான். நல்லவேளையாகப் பழைய கணினியை யாரும் ஃபார்மட் செய்யவில்லை, உரிமங்கள் உயிரோடு இருந்தன.

சிடி வழியில் செல்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஒரு சிடியில் 80 நிமிடம்தான் அடங்கும், அதனால் சிடி-ஆர்டபிள்யூ வாங்கி அழித்து அழித்து எழுதுவது நல்லது. எழுதும்போது பாட்டுகளுக்கு நடுவே 2 நொடி இடைவெளி விடுகிற தெரிவை அணைத்துவிட வேண்டும். கச்சேரிப் பதிவுகளில் அந்த இரண்டு நொடி கத்தியால் வெட்டியது மாதிரி விழும். திரும்ப எடுக்கும்போது ஃப்ளாக்காக எடுங்கள், எம்பி3 ஆக அல்ல. சிடியில் இருப்பது ஏற்கெனவே ஒரு தடவை கழித்த ஒலி. ஃப்ளாக் அதற்கு மேல் எதையும் கழிக்காது. ஃபைல் பல மடங்கு பெருக்கும், தரம் துளியும் உயராது, ஆனால் குறையவும் செய்யாது. சில பாட்டுகளுக்காக இந்த இடத்தைக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

சிடியில் எழுதியதும் பாட்டின் பெயர், பாடியவர், ஆண்டு எல்லாம் போய்விடும். ஆடியோ சிடிக்குத் தடம் எண் மட்டும்தான் தெரியும். ரிப் செய்கிற மென்பொருள் தடங்களின் நீளத்தை வைத்து இணையத்தில் தேடும். நாம் கலந்து கட்டி எழுதிய சிடிக்குச் சமயத்தில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடைய ஆல்பம் பெயர் வந்து நிற்கும். அந்தத் தேடலை அணைத்துவிட்டு, எழுதிய வரிசையிலேயே பெயர்ப் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக, தமிழ் எழுத்தைத் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தேன். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து டேக்குக்கு ஏற்றும் வசதி உண்டு. பட்டியலின் வரிசையும் தடங்களின் வரிசையும் பொருந்தினால் முழு சிடிக்கும் ஒரே சொடுக்கு. இந்த மென்பொருளின் பெயரில் எம்பி3 இருந்தாலும் ஃப்ளாக், எம்4ஏ டேக்குகளையும் திருத்தும்.

ஐபாடுக்குள் மட்டும் இருந்தவை

ஒரு சில ஆல்பங்கள் கணினியில் இல்லை, ஐபாடில் மட்டும் இருந்தன. ஐடியூன்ஸ் கணினியிலிருந்து ஐபாடுக்குத்தான் அனுப்பும், எதிர்த் திசையில் கடையில் வாங்கியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய ஐபாடுகள் டிஸ்க் பயன்பாட்டை இயக்கினால் சாதாரண டிரைவாகவே கணினியில் தெரியும். மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால் உள்ளே ஐபாட் கண்ட்ரோல் என்று ஒன்று இருக்கும். அதற்குள் மியூசிக். அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் நான்கு ஆங்கில எழுத்துகளில் பொருளே இல்லாத பெயரோடு பாட்டுகள். பார்த்ததும் பகீரென்று இருக்கும். ஆனால் ஃபைல் பெயர்தான் குழம்பியிருக்கிறதே தவிர, உள்ளே டேக் அப்படியே இருக்கிறது. மொத்தத்தையும் காப்பி எடுத்து மியூசிக்பிரெயின்ஸ் பிகார்டு என்ற மென்பொருளில் போட்டு, ஆல்பம் பெயரில் ஃபோல்டர், தடம் எண்ணும் பாட்டின் பெயரும் சேர்ந்து ஃபைல் பெயர் என்று விதி எழுதிக் கொடுத்தால் தானாக அடுக்கிவிடும். டேக்கே இல்லாத அநாதைப் பாட்டுகளையும் ஒலியின் ரேகையை வைத்து ஓரளவு அடையாளம் கண்டுபிடிக்கிறது. அது சொல்வதை அப்படியே நம்பாமல் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுச் சேமிப்பது நல்லது.

விண்டோஸ் கணினியில் முதன்முதலாக இணைத்த ஐபாட் என்றால் ஃபேட்32 வடிவில் இருக்கும், எந்தக் கணினியும் படிக்கும். மேக்கில் ஆரம்பித்ததாக இருந்தால் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற மேக்கின் சொந்த டிஸ்க் வடிவம். விண்டோஸ் அதைப் பார்த்து, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேக்கிலோ லினக்ஸிலோ செருகுங்கள்.

ஆப்பிள் லாஸ்லெஸில் இருந்த சிடிகள்

சொந்தச் சிடிகளை, எதையும் கழிக்காமல் சுருக்கும் ஆப்பிள் லாஸ்லெஸ் முறையில் எடுத்து வைத்திருந்தேன். அதுவும் எம்4ஏ என்ற நீட்சியில்தான் இருக்கும், உள்ளே இருப்பது வேறு. 2011-இல் ஆப்பிள் இதன் நிரலைத் திறந்துவிட்டது, அதனால் இப்போது பல பிளேயர்கள் படிக்கின்றன. என் பிளேயர் படிக்கவில்லை. பெயரைக் காட்டும், உடனே அடுத்த பாட்டுக்குத் தாவும். இங்கே மாற்றுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. லாஸ்லெஸிலிருந்து ஃப்ளாக்குக்குப் போகும்போது எதுவும் கழியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி ஒரு முழு ஆல்பத்தை நிமிடத்துக்குள் முடித்துவிடும், டேக்குகளையும் அட்டைப் படத்தையும் கூடவே எடுத்துச் செல்லும்.

மாறியது சரியாக மாறியிருக்கிறதா என்று காதால் கேட்டுச் சொல்ல முடியாது, கேட்டுப் பார்க்கவும் தேவையில்லை. இரண்டு ஃபைல்களையும் விரித்து, விரிந்த ஒலிக்கு எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடச் சொன்னால் எஃப்எஃப்எம்பெக்கே சொல்லும். சிடியிலிருந்து எடுத்த 16 பிட் ஒலி என்றால் இரண்டு எண்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஃபோல்டர் முழுவதற்கும் ஓட்டி, பொருந்தாதவற்றை மட்டும் பட்டியலிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். பட்டியல் காலியாக வந்ததும்தான் பழைய ஃபைல்களை வேலைக் காப்பியிலிருந்து நீக்கினேன்.

தமிழ்ப் பெயர்கள் செய்த கூத்து

இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்றது பூட்டும் இல்லை, ஒலி வடிவமும் இல்லை. தமிழில் எழுதிய பெயர்கள்தான்.

லைப்ரரியில் கொஞ்சம் பகுதி மேக்கில் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கில் இருந்தது. அங்கிருந்து நெட்வொர்க் வழியாக லினக்ஸ் கணினிக்கு ஆர்சிங்க் என்ற கருவியால் காப்பி செய்தேன். பாட்டுகள் எல்லாம் வந்தன. பிளேலிஸ்ட்டில் மட்டும் சில பாட்டுகள் கிடைக்கவில்லை என்று வந்தது. பெயரைப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. கிடைக்காதவற்றை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் சங்கதி பிடிபட்டது. எல்லாவற்றிலும் கொ, தோ, மௌ மாதிரி ஓர் எழுத்து இருந்தது.

யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பக்கத்தில் ஒகரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம். அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட் கணக்கில் முதலாவது 6, இரண்டாவது 9. எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் உள்ளது. நாம் விசைப்பலகையில் அடிப்பதோ பெரும்பாலும் சேர்ந்த வடிவம். லினக்ஸின் டிஸ்க் முறைக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பிரிந்த பெயர் வேறு, சேர்ந்த பெயர் வேறு என்று பிடிவாதமாக நிற்கும். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு பாட்டுகள் இருப்பது போன்ற மாயக் காட்சியும் இதனால்தான் வருகிறது.

கான்வ்எம்வி என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. யுடிஎஃப்-8-இலிருந்து யுடிஎஃப்-8-க்கே, என்எஃப்சி வடிவத்தில் மாற்று என்று சொன்னால் பெயர்களை எல்லாம் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். சும்மா ஓட்டினால் என்ன செய்யப் போகிறது என்று காட்ட மட்டும் செய்யும், நிஜமாக மாற்றத் தனித் தெரிவு கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் பிடித்த குணம். ஒரு விஷயம் மட்டும் அதற்கும் பிடிபடாது. 'ஔ' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டி வைத்திருந்தால் அது யூனிகோடுக்கு வேறு சொல். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அப்புறம் நீளம். லினக்ஸின் வழக்கமான டிஸ்க் முறையில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். உயிர்மெய் என்றால் பெரும்பாலும் இரண்டு குறிகள். ஆக, பாட்டின் முதலடி, படத்தின் பெயர், பாடியவர்கள் இருவர் என்று எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே திணித்து வைத்திருந்த பழைய பழக்கம் அடிபட்டுப் போனது. தடம் எண், பாட்டின் பெயர், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் டேக்குக்குள்.

டேக்கிலும் இதே கதை வேறு வேஷத்தில் வந்தது. எம்பி3 ஃபைலின் டேக்கில் ஐடி3 2.3, 2.4 என்று இரண்டு பதிப்புகள் புழங்குகின்றன. 2.3-இல் தமிழ் எழுத வேண்டுமானால் யுடிஎஃப்-16 மட்டும்தான். 2.4-இல் யுடிஎஃப்-8 எழுதலாம். பழைய பிளேயர் ஒன்று யுடிஎஃப்-8-ஐ ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துப் படித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவு முத்திரை, அடுத்து ஏதோ ஒன்று, மறுபடி சாய்கோட்டு 'ஏ'. மூன்று மூன்றாக இந்த வரிசை வந்தால் அது கெட்டுப் போன டேக் இல்லை, தமிழ்தான், படிப்பவருக்குத்தான் தெரியவில்லை. கார் ஸ்டீரியோ இதைத்தான் செய்தது. பிகார்டில் 2.3, யுடிஎஃப்-16 என்று அமைத்துச் சேமித்ததும் சரியானது. வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் விஷயம் வேறு. பழைய ஐடி3 முதல் பதிப்பு ஃபைலின் கடைசி 128 பைட்டில் உட்கார்ந்திருக்கும். பாட்டின் பெயருக்கு அதில் 30 எழுத்துதான், தமிழுக்கு இடமே இல்லை. எழுதியவர் அங்கேயே தமிழைத் தொலைத்திருப்பார். அந்த முதல் பதிப்பை நீக்கிவிட்டால் பிளேயர் வேறு வழியின்றி அடுத்த பதிப்பைப் படிக்கும். எம்4ஏவிலும் ஃப்ளாக்கிலும் இந்தத் தொல்லை இல்லை, இரண்டிலும் டேக் யுடிஎஃப்-8-தான்.

இன்னொன்றுக்குத் தீர்வு இல்லை. எழுத்துரு இருந்தும், கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கத் தெரியாத பிளேயர்கள் உண்டு. கார் ஸ்டீரியோ அந்த வகை. படிக்க முடிந்தாலும் கண்ணை உறுத்தியது. காருக்குப் போகும் பிரதியில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டேன். மூலப் பிரதியில் தமிழ் தமிழாகவே இருக்கிறது.

பாடலுக்குப் பாடல் பாடகர் மாறும் திரைப்பட ஆல்பங்கள் தனித்தனியாகச் சிதறியது இன்னொரு தொல்லை. ஐந்து பாட்டு, ஐந்து ஆல்பமாகத் தெரியும். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற புலத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரைப் போட்டதும் ஒன்றாகச் சேர்ந்தன. ஐடியூன்ஸ் 'கம்பைலேஷன்' என்ற அடையாளத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது, மற்ற பிளேயர்கள் பல அதைக் கண்டுகொள்வதில்லை.

பிளேலிஸ்ட்டும் மற்றவையும்

பிளேலிஸ்ட்டும் நட்சத்திர மதிப்பீடும் பாட்டு ஃபைலுக்குள் இருப்பதில்லை, லைப்ரரியின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் அவை வராது. லைப்ரரியை எக்ஸ்எம்எல் ஆக ஏற்றுமதி செய்து எடுக்க வேண்டும். அதில் ஒரு நட்சத்திரத்துக்கு 20 என்ற கணக்கில் மதிப்பீடு எழுதியிருக்கும். ஃபைலின் இடமோ சதவீதக் குறிகளாக இருக்கும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 9 எழுத்தாக விரிந்து கிடக்கும். அதைப் பிரித்துப் படித்து, எம்3யு8 பிளேலிஸ்ட்டாக எழுதும் ஸ்கிரிப்ட்டுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பாதைகளை டிஸ்க் பெயரோடு முழுசாக எழுதாமல், பிளேலிஸ்ட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து எங்கே இருக்கிறது என்று எழுதுவதுதான் முக்கியம். ஃபோல்டர்களைப் பிரிக்கும் கோடு முன்சாய்வாக (/) இருக்கட்டும், பின்சாய்வு விண்டோஸுக்கு வெளியே எடுபடாது. எழுதும் முன் ஸ்கிரிப்ட்டிலேயே என்எஃப்சி வடிவுக்கும் மாற்றிவிட்டேன்.

அட்டைப் படம் சில ஆல்பங்களுக்குத் தெரியவில்லை. கடையில் வாங்கியவற்றுக்குப் படம் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. ஐடியூன்ஸ் பிற்பாடு தானாகத் தேடிச் சேர்த்த படங்கள் தனி ஃபோல்டரில் கிடக்கின்றன, அவற்றை உள்ளே பதிக்க வேண்டும். பதித்தும் தெரியாதவை புரோகிரசிவ் ஜேபெக்காக இருந்தன. சாதாரண பேஸ்லைன் ஜேபெக்காக, 500 பிக்சல் அகலத்தில் மறுபடி சேமித்ததும் வந்தன.

ஒலி அளவைச் சமன் செய்வதற்கு ஐடியூன்ஸ் வைத்திருக்கும் சவுண்டு செக் எண்ணைப் புதிய பிளேயர் படிக்காது, ரீப்ளேகெயின் என்ற எண்ணைத்தான் படிக்கும். ஆர்எஸ்கெயின் கருவியை ஒரு இரவு ஓட விட்டேன். அது டேக்கில் எண்ணை எழுதுமே தவிர ஒலியைத் தொடாது.

காருக்கு மட்டும் எம்பி3

கார் ஸ்டீரியோவுக்கு எம்பி3-யும் டபிள்யூஎம்ஏவும்தான் தெரியும், அதனால் அதற்கு மாற்றித்தான் ஆக வேண்டும். மூலத்திலிருந்து தனிப் பிரதியாக, எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரின் வி2 தரத்தில், சராசரி 190 கேபிபிஎஸ் அளவில் எடுத்தேன். ஓடும் வண்டியின் இரைச்சலில் அதற்கு மேல் தேவையில்லை. இந்தப் பிரதி எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி உண்டாக்கிக்கொள்ளக் கூடியது, இதிலிருந்து வேறெதற்கும் மாற்றக் கூடாது.

டிரைவ் ஃபேட்32-ஆக இருக்க வேண்டும் என்று ஸ்டீரியோ எதிர்பார்த்தது. பெரிய டிரைவுகள் எக்ஸ்ஃபேட்டாக வருகின்றன, அதைச் செருகினால் 'சாதனம் இல்லை' என்று சொல்லிவிட்டது. ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து மேக்கிலிருந்து காப்பி எடுத்தபோது, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு பேய்ப் பாட்டு: பெயர் உண்டு, பாடாது. மேக் தன் சொந்தக் குறிப்புகளை எழுதி வைக்கும், புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் மறைவு ஃபைல்கள் அவை. டாட்கிளீன் கட்டளையை ஓட்டி, கூட்டி எடுத்தேன்.

பிறகும் வரிசை தாறுமாறாக இருந்தது. தடம் எண் சரி, பெயரிலும் 01, 02 என்று இருக்கிறது, ஆனாலும் ஏழாவது பாட்டு முதலில் பாடியது. இந்த வகை ஸ்டீரியோக்கள் டேக்கையும் பார்ப்பதில்லை, பெயரையும் பார்ப்பதில்லை. ஃபேட் அட்டவணையில் எந்த வரிசையில் பதிவாகியிருக்கிறதோ, அதாவது எது முதலில் காப்பி ஆனதோ, அந்த வரிசையில் பாடும். ஃபேட்சார்ட் என்ற கருவி அட்டவணையையே பெயர் வரிசைக்கு அடுக்கித் தருகிறது. டிரைவை அன்மவுண்ட் செய்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். புதிதாக ஒரு பாட்டு சேர்த்தாலும் மறுபடி ஓட்ட வேண்டும்.

இரண்டு குறிப்புகள் மிச்சம் இருக்கின்றன. பூட்டில்லாமல் விற்ற எம்4ஏ ஃபைல்களுக்குள் வாங்கியவரின் பெயரும் கணக்கின் மின்னஞ்சலும் எழுதியிருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற கருவியில் திறந்தால் பச்சையாகத் தெரியும். கார்டை வேறு யார் கையிலாவது கொடுக்கும் முன் இது நினைவில் இருக்கட்டும். பழைய கணினியைக் கழித்துக் கட்டுவதாக இருந்தால், அதற்கு முன் ஐடியூன்ஸில் அந்தக் கணினியின் அனுமதியை 'டீஆத்தரைஸ்' செய்துவிடுங்கள். ஒரு கணக்குக்கு 5 கணினிகள்தான். விட்டுப் போன கணினியும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே நிற்கும். ஐந்தும் நிரம்பிவிட்டால் மொத்தத்தையும் ஒரேயடியாக விடுவிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, ஆனால் அதை வருடத்துக்கு ஒரு தடவைதான் அழுத்த விடுவார்கள்.